காரணம் எழுத ஒரு கட்டம்

ஓர் ஏரியின் இரு கரைகளில் இரண்டு கொக்குகள் நின்றன. நடுவில் மீன் நிறைந்த நீர். ஒரு நாள் இக்கரைக் கொக்கு, இறகில் ஒட்டியிருந்த பாசியை உதறுவதற்காகச் சிறகை விரித்தது. அதைக் கண்ட அக்கரைக் கொக்கு, 'இவன் பாயப் போகிறான்' என்று எண்ணித் தானும் சிறகை விரித்தது. 'சிறகை விரித்துவிட்டானே' என்று இது கழுத்தை நீட்டியது. 'கழுத்தை நீட்டிவிட்டானே' என்று அது அலகைத் தூக்கியது. பொழுது சாயும்வரை இரண்டும் அப்படியே நின்றன. மீன்களுக்கு அன்று நல்ல நாள். இரு கூடுகளிலும் குஞ்சுகள் பட்டினி. பாசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இதற்கும் தோன்றவில்லை. 'என்ன உதறினாய்' என்று கேட்க அதற்கும் தோன்றவில்லை.

நம் கதை நடக்கும் காலத்தில் அந்த ஏரி ஒரு விரிகுடாவாகப் பெருகியிருந்தது. கொக்குகள் இரண்டு அரசுகளாகியிருந்தன. விரிகுடாவின் அடியில் விலையுயர்ந்த உலோகக் கட்டிகள் உருளைக்கிழங்கு போலச் சிதறிக் கிடப்பதாகக் கண்டுபிடித்த நாளிலிருந்து, இரு கரைகளும் ஒன்றையொன்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டதுதான் வியாழன் உடன்படிக்கை.

அதன்படி வாரந்தோறும் வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரே நொடியில், இரு கரைகளும் தத்தம் கடல் அறிக்கையை வெளியிடும். எந்தப் போர்க்கப்பல் எங்கே நின்றது, நீருக்கடியில் என்ன கேட்டது, எத்தனை மீன்பிடிப் படகுகள் இறங்கின என்று எல்லாம் எண்களாக வரும். கடைசியில் ஒரு நிறம். பச்சை என்றால் அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம். மஞ்சள் என்றால் போர்க்கப்பல்கள் எல்லைக் கோட்டுக்குச் செல்லும். ஏழு நாள்களுக்கு மீன்பிடிப்பு கிடையாது. சிவப்பு ஒருமுறைகூட வந்ததில்லை. வந்தால், எல்லைக் கோடு நெடுகக் கடலடியில் உறங்கிக் கிடக்கும் வெடிகள் அரைமணி நேரத்தில் விழித்துக்கொள்ளும். அதன்பின் மூன்று நாள்கள் எந்த எஞ்சின் அந்தக் கோட்டைக் கடந்தாலும் அவை விடமாட்டா. பகைவன் ஏமாற்றி அணைத்துவிடக் கூடாதே என்று, அவற்றை நடுவில் அணைக்கும் வழியே வைக்கப்படவில்லை.

நிறத்தைச் சொல்வது ஓர் இயந்திரம்; கரைக்கு ஒன்று உண்டு. கடலடியில் பதித்த ஆயிரக்கணக்கான செவிகளாலும் வானத்துக் கண்களாலும் வாரம் முழுவதையும் உள்வாங்கி, அடுத்த வாரம் மோதல் வருமா என்று கணித்துச் சொல்லும் அந்த இயந்திரத்தை எல்லோரும் கணிப்பி என்றே அழைத்தார்கள். ஆனாலும் கடைசிக் கையெழுத்து ஒரு மனிதனுடையதாக இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொன்னது. இக்கரையில் அந்தக் கையெழுத்து ஆவுடையப்பனுடையது.

ஆவுடையப்பன் கரிசல் காட்டுக்காரர். புள்ளியியல் படித்தவர். ஐம்பத்தாறு வயதுவரை ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. துறைமுக நகரத்தில், கடலைப் பார்த்த நான்காம் மாடியில் அவருக்கு அறை கொடுத்தபோது, மேசையைத் திருப்பிப் போட்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். "எனக்குக் கடல் வேண்டாம்யா, எண்ணு போதும். எண்ணு சுத்தமா இருக்கணும்" என்பார். ஆறு ஆண்டுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகளில் கையெழுத்திட்டிருந்தார். பதினோரு முறை மஞ்சள், மற்றவை பச்சை. அக்கரையிலிருந்தோ ஒரு மஞ்சளும் வந்ததில்லை. எப்போதும் பச்சை, அடியில் எப்போதும் 'யோ. றெஜினா' என்ற கையெழுத்து. எதையோ மறைக்கிறார்கள் என்று இக்கரை அலுவலகத்தில் பேச்சு இருந்தது. ஆவுடையப்பனுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

கையெழுத்திடும் இருகரை ஆய்வாளர்களும் அறிக்கை வழியாக அன்றி வேறெப்படியும் தொடர்பு கொள்ளக் கூடாது என்பது விதி. ஆகவே றெஜினா என்பவர் இளையவரா மூத்தவரா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குக் கணிப்பியின் வரைவு திரையில் விழுந்தது. ஆவுடையப்பன் தேநீர்க் குவளையை உதட்டருகே வைத்தவர் வைத்தபடியே இருந்தார்.

சிவப்பு. மோதலுக்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

காரணங்களைக் கணிப்பி வரிசையாகக் காட்டியது. செவ்வாய் மாலை முதல் இக்கரையில் பதினோரு ஊர்களிலும் அக்கரையில் ஒன்பது ஊர்களிலும் ஒரு படகுகூடக் கடலில் இறங்கவில்லை. போர்க்கப்பல்கள் வருமுன் மீனவர்கள் விலகிவிடுவார்கள் என்பது அது கற்றுவைத்திருந்த பாடங்களில் முதன்மையானது. அதற்கு மேல், இன்று விடியலில் கீழமுனை என்ற ஊரிலிருந்து பதினான்கு வள்ளங்கள் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில், எல்லைக் கோட்டை நோக்கிப் புறப்பட்டிருந்தன. பதினான்கின் வயர்லெஸ் கருவிகளும் வாயடைத்திருந்தன. இதே வேகத்தில் போனால் ஒரு மணிக்குச் சற்று முன் அவை கோட்டைக் கடக்கும்.

அவர் கீழமுனை டோக்கன் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். கடலுக்குப் போகும் படகுகளுக்கு அனுமதிச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர் பெலோமினா. பன்னிரண்டு ஆண்டுகளாக அதே ஜன்னல், அதே நாற்காலி. வாரந்தோறும் படகு எண்ணிக்கையை அனுப்பும் குரலாகத்தான் ஆவுடையப்பனுக்கு அவரைத் தெரியும்.

"பெலோமினா, ஆவுடையப்பன் பேசுதேன். உங்க ஊர்ல இருந்து பதினாலு வள்ளம் போயிருக்காமே. டோக்கன் குடுத்தியளா?"

"குடுத்தேனே சார். ஏன், கூடாதா? கலெக்டர் ஆபீஸ் சீல் இருக்கு, குடியேற்ற ஆபீசர் கையெழுத்து இருக்கு. எல்லாம் பாத்துத்தான் கிழிச்சேன்."

"சரி, வயர்லெஸ்ல ஏன் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்காவ?"

படிக்காத பிள்ளையிடம் பேசுவது போல மெதுவாக வந்தது பதில்.

"சார், பொணம் ஏத்தின வள்ளத்துல யாரு சார் வயர்லெஸ்ல பேசுவா?"

ஒன்றரை மணி நேரத்தில் அவருடைய ஜீப் கீழமுனைக் கரையில் நின்றது. கடற்கரை முழுவதும் வள்ளங்கள் மேட்டில் ஏற்றப்பட்டிருந்தன. காயப்போட்ட வலை ஒன்றும் இல்லை. மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஆவுடையப்பன் வாழ்நாளில் பார்த்த எந்த எண்ணிக்கை அட்டவணையிலும் சுழியம் இப்படி இருந்ததில்லை.

பெலோமினா நாற்பத்தைந்து வயதுக்காரர். கறுப்புச் சேலை. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் கட்டியிருந்தது.

"யாரு தவறிட்டாவ?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"திரவியம் நர்ஸம்மா. அக்கரையில பாலைத்துறையில பொறந்தவிய. இங்கன வாக்கப்பட்டு வந்தாவ. நாப்பது வருசம் பிரசவம் பாத்தாவ, இங்கயும் அங்கயும். கரண்டு இல்லாத காலத்துல வள்ளத்துல ஏறிப் போயி அக்கரையில பிள்ளை எடுத்துட்டு மறுநாள் வருவாவளாம். ரெண்டு கரையிலயும் பாதிப் பேரு அவிய கையில விழுந்த பிள்ளையதான். நானும்தான், எம் மவனும்தான். செவ்வாக்கிழமை சாயந்தரம் போயிட்டாவ. 'எங்க அம்மை கல்லறை பக்கத்துல என்னைப் போடுங்க'ன்னு கேட்டிருந்தாவ. அதான் கொண்டு போறாவ."

"அதுக்கு எல்லா ஊருமா கடலுக்குப் போகல?"

"ஊருல ஒரு சாவுன்னா, அடக்கம் முடியுற வரைக்கும் வள்ளம் எறங்காது சார். இது எல்லா ஊருக்கும் சாவு. பொணம் வள்ளத்துல ஏறிட்டா, கரை சேருற வரைக்கும் வயர்லெஸ் தொடமாட்டாவ. போனையும் கோயில்ல கூடையில போட்டுட்டுத்தான் ஏறுவாவ. கடலு அந்த நேரம் செத்தவியளுக்குச் சொந்தம்."

ஆவுடையப்பன் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "இதையெல்லாம் ஏன் பெலோமினா எனக்குச் சொல்லல?"

"எதுல சார் சொல்ல? படிவத்துல கடைசியில 'காரணம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. அத எடுத்தது யாரு?"

எடுத்தது அவர்தான்.

ஆறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கூட்டம் அவருக்கு நினைவு வந்தது. படகு ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஊர்களிலிருந்து வந்த பதில்களை அவர் அன்று எல்லோர் முன்னும் உரக்கப் படித்தார். 'சாவு.' 'மாதா திருநாள்.' 'மச்சானுக்குக் கல்யாணம்.' 'காத்து பிடிக்கவில்லை.' 'மனசு சரியில்லை.' அறையே சிரித்தது, அவரும் சிரித்தார். எண்ணாக மாற்ற முடியாத எதுவும் அறிக்கைக்கு உதவாது என்று எழுதி, படிவத்திலிருந்தும் அறிக்கையிலிருந்தும் அந்தக் கட்டத்தை நீக்கினார். அக்கரைக்காரர்கள் தங்கள் அறிக்கையிலிருந்து அதை நீக்க ஒப்பவில்லை. அதனால் என்ன, நம் திரையில் தெரியாமல் மடக்கி வைத்துவிடுங்கள், கணிப்பியும் அதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எண்கள் கண்ணாடி போல இருந்தன.

"கட்டம் போச்சு. ஆனா எழுதுறத நான் விடல" என்றார் பெலோமினா. மேசை இழுப்பறையிலிருந்து டோக்கன் அடிக்கட்டைப் புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சில் எழுத்து. "வர்றவன்கிட்ட ஏன்யா நேத்து போகலன்னு கேக்காம சீட்டு கிழிச்சா, அது மனுசன் செய்யுற வேலையா சார்?"

ஆவுடையப்பன் தம் கைப்பேசியில் பதினோரு மஞ்சள் வாரங்களின் பட்டியலைத் திறந்தார்.

"முதல் வருசம், நவம்பர் முதல் வாரம்."

பெலோமினா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "கல்லறைத் திருநாள் சார்! நவம்பர் ரெண்டு. அன்னைக்கு எவன் கடலுக்குப் போவான்?"

"ரெண்டாம் வருசமும் அதே வாரம். நாலாம் வருசமும்."

"கல்லறைத் திருநாள் வருசா வருசம் வரத்தான செய்யும்? மத்த வருசம் அது ஞாயித்துக்கெழமையும் மழைநாளுமா விழுந்துச்சு. உங்க மிசின் தப்பிச்சுது."

அவர் ஒவ்வொரு தேதியாகச் சொல்ல, பெலோமினா தாள்களைப் புரட்டினார். படகுத் தலைவரான மீகேல் தண்டல் இறந்த வாரம். கடலில் மூவர் காணாமற்போய், மூன்றாம் நாள் உடல் ஒதுங்கிய வாரம். அக்கரைச் சாமியார் காலமான வாரம். பதினொன்றில் ஒன்பதுக்குப் பென்சிலில் பதில் இருந்தது.

"மிச்சம் ரெண்டு?"

"அது ரெண்டும் நெசமாவே கப்பல் வந்துச்சு. நாங்களே பாத்துட்டு ஓடி வந்தோம்" என்ற பெலோமினா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கக் கூடாது. ஒரு சாவுக்கு நாங்க ஒரு நாளு அடுப்பணைச்சா, நீங்க மஞ்சள்னு சொல்லி ஏழு நாளு அணைச்சிய. போன தடவ, சாவை மறைச்சுட்டுக் கடலுக்குப் போயிரலாமான்னுகூட பேசினாவ. துக்கத்த ஒளிச்சு வைக்கணும்னு எந்த ஊர்லயாவது கேட்டிருக்கியளா?"

ஆவுடையப்பன் கைப்பேசியில், மோதல் வாய்ப்பைக் காட்டும் கணிப்பியின் வரைபடத்தைத் திறந்தார். எதிரியின் நோக்கத்தை வரைந்திருப்பதாக எண்ணி ஆறு ஆண்டுகளாக அவர் பாதுகாத்து வந்த அதன் கோடு, ஏறி இறங்கி ஏறி, இந்தக் கரையின் கல்லறைகளையே வரைந்திருந்தது.

"வள்ளங்கள்ல எத்தனை பேரு இருக்காவ?"

"நூத்திப் பன்னெண்டு. நர்ஸம்மாவச் சேத்தா நூத்திப் பதிமூணு. ஏன் சார் மொகம் இப்பிடி வெளுக்கு?"

அவர் சொன்னார். உறங்கும் வெடிகளைப் பற்றி, சிவப்பைப் பற்றி, பன்னிரண்டு மணியைப் பற்றி. பெலோமினா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, புத்தகங்களை அள்ளி ஒரு துணிப்பையில் திணித்து அவர் கையில் வைத்தார்.

"எம் மவன் மூணாவது வள்ளத்துல இருக்கான். ஓட்டிப் போங்க சார். நிக்காதிய."

திரும்பும் வழியில் ஜீப்பிலிருந்தே அவர் தலைநகரத்தில் இருந்த இயக்குநர் வசுந்தராவை அழைத்தார். வசுந்தரா கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் காரணம் கேட்காமல் மெமோ அனுப்புவார்.

"டிராஃப்ட் பார்த்தேன் ஆவுடையப்பன். சிவப்புன்னு இருக்கே. கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல மேடம். பச்சைன்னு போடப் போறேன்."

"என்ன விளையாடறீங்களா? தொண்ணூத்தொரு சதவீதம்னு சொல்லுது."

"அந்தப் பாடத்த அதுக்குச் சொல்லிக்குடுத்ததே நாமதான் மேடம். ஊர்ல ஒரு சாவு விழும், படகு இறங்காது. படகு இல்லைன்னதும் கணிப்பி மஞ்சள்ங்கும். மஞ்சள்னதும் நம்ம கப்பல் கோட்டுக்குப் போகும். நம்ம கப்பலப் பாத்து அவங்க கப்பலும் வரும். அப்புறம் கணிப்பி திரும்பிப் பாக்கும்: 'படகு இறங்கல, ரெண்டு நாள்ல கப்பல் வந்துருச்சு, ஆக, மீனவங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு.' நாம அனுப்பின கப்பலயே சாட்சியா வச்சு ஆறு வருசமா அது படிச்சிருக்கு."

அவர் பென்சில் எழுத்துகளைப் பற்றிச் சொன்னார். கட்டத்தை நீக்கியது யார் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"சரி, வாதத்துக்குக் கேட்கறேன்" என்றார் வசுந்தரா. "சிவப்புப் போட்டு அது தப்பா இருந்தா மூணு நாள் கடல் மூடியிருக்கும். பச்சை போட்டு அது தப்பா இருந்தா?"

"சிவப்பு தப்பா இருந்தா நூத்திப் பன்னெண்டு பேர் மேடம். சவப்பெட்டியோட வரிசையாப் போய்க்கிட்டிருக்காங்க."

"திருப்பிக் கூப்பிட முடியாதா? ரோந்துப் படகு அனுப்புங்க."

"நம்ம ரோந்துப் படகு இப்ப கோட்டப் பாத்து ஓடினா, அக்கரை கணிப்பி அத என்னன்னு படிக்கும் மேடம்?"

ஜீப் ரயில்வே கேட்டில் நின்றது. உப்பு ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று அவசரமே இல்லாமல் ஊர்ந்து போனது. ஆவுடையப்பன் பெட்டிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டார்.

"அந்த அம்மா பேர் என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் வசுந்தரா.

"திரவியம். திரவியம் நர்ஸ்."

"தனிப் பொறுப்புல நிறத்த மாத்தினா உங்க பேர் மட்டும்தானே போகும்? என் பேரையும் சேர்த்துப் போடுங்க. தப்பாப் போச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டீக்கடை வெச்சுடலாம்."

"மேடம், எனக்கு டீ போடத் தெரியாது."

"நீங்க கல்லாவுல உட்காருங்க. எண்ணு சுத்தமா இருக்கட்டும்."

பதினொன்று ஐம்பதுக்கு அவர் தம் மேசையில் இருந்தார். நிறத்தை மாற்றினார். 'உறுதியா?' என்று கணிப்பி மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆம் என்றார். கையெழுத்திட்டார். அறிக்கை வெளியேறப் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தது.

அப்போதுதான் மீதிப் பாதி அச்சம் வந்து பிடித்தது. கடல் ஒன்றுதானே? அக்கரை கணிப்பியும் இதே வெறுமையைத்தான் பார்த்திருக்கும். இதே பதினான்கு வள்ளங்கள் தன்னை நோக்கி வருவதைத்தான் பார்த்திருக்கும். இரண்டு அறிக்கைகளில் எது சிவப்பானாலும் வெடிகள் விழிக்கும். எப்போதும் பச்சை இடுகிற றெஜினாதான், ஆனால் இன்றைக்குமா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வழியில்லை. அறிக்கையில் எழுதினாலும், அது பன்னிரண்டு மணிக்கு முன் அவரைச் சேராது. ஆவுடையப்பன் ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக நாற்காலியைத் திருப்பி, ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். அது வெயிலில் சும்மா கிடந்தது.

மணி பன்னிரண்டு. இரு அறிக்கைகளும் ஒன்றையொன்று கடந்து சென்றன.

திரையில் அக்கரையின் நிறம் விழுந்தது. பச்சை.

அவர் முகத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார். தொலைபேசியை எடுத்துப் பெலோமினாவிடம், "பச்சை... ரெண்டு பக்கமும்" என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் பெலோமினா மூக்கை உறிஞ்சினார். "நீங்க நல்லா இருப்பிய சார்" என்று ஒருவாறு வந்தது.

பிறகு அவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, கடலடிச் செவிகளில் ஒன்றைத் திறந்தார். ஆறு ஆண்டுகளாக அந்தச் செவிகள் தந்த எண்களைப் படித்தாரேயன்றி, ஒருநாளும் காது கொடுத்ததில்லை. பதினான்கு எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு வந்தன. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு, கோட்டின் நேர் மேலே, எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. 'அணிவகுப்பு நின்றது, தாக்குதல் நிலை' என்று கணிப்பி எச்சரித்தது. ஆவுடையப்பன் எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டுக் கேட்டார். அலை வள்ளங்களின் வயிற்றில் தட்டும் ஓசை. அதற்கு மேல், மிக மங்கலாக, பலர் சேர்ந்து பாடும் குரல். நான்கு நிமிடங்கள். பின் முதல் எஞ்சின் இருமிக்கொண்டு உயிர்பெற்றது, அடுத்தது, அதற்கடுத்தது. விரல்விட்டு எண்ணினார். பதினான்கு. எண்கள் இத்தனை இனிமையாக அவருக்கு என்றும் இருந்ததில்லை.

மாலையில் வசுந்தரா அழைத்தார். "எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் உறுத்துது. அவங்க கணிப்பியும் சிவப்புன்னுதானே சொல்லியிருக்கும்? அந்த றெஜினா ஏன் பச்சை போட்டாங்க?"

ஆவுடையப்பனுக்கும் அதே கேள்வி. அக்கரை அறிக்கையை மறுபடி திறந்தார். எண்கள், எண்கள், நிறம், கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே மெல்லிய ஒரு கோடு. மடக்கி வைக்கப்பட்ட ஒரு கட்டத்தின் தடம் அது. மடக்கச் சொன்னவர் அவரே. விரலால் தொட்டு விரித்தார்.

'காரணம்: திரவியம் அம்மா வருகிறார். எங்கள் ஆள்கள் கரையில் காத்து நிற்கிறார்கள். கணிப்பி சிவப்பு என்றது. நான் பச்சை இட்டிருக்கிறேன். என்னையும் அவர்தான் ஏந்தினார். நீங்களும் பச்சை இடுவீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைவிட இப்போது வேறு வழி தெரியவில்லை.'

அவர் முந்திய வாரத்தின் அறிக்கையைத் திறந்து கட்டத்தை விரித்தார். அதற்கு முந்தியது. அதற்கும் முந்தியது. ஒன்றுகூடக் காலியாக இல்லை.

'பாலைத்துறையில் திருவிழா. மூன்று நாள் வள்ளங்கள் இறங்கா. கலங்க வேண்டாம்.'

'சென்ற வாரம் எங்கள் பங்குச் சுவாமியார் காலமானார். ஆகையால் கடலில் ஒருவரும் இருக்கவில்லை. உங்கள் மஞ்சளுக்கு இங்கே காரணம் ஒன்றும் இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவிக்கிறேன்.'

'உங்கள் பக்கம் செவ்வாயன்று படகுகளைக் காணவில்லை. யாரும் தவறிவிட்டார்களா? எங்கள் அனுதாபம்.'

நாற்பதாவது வாரத்தில் ஒரே ஒரு வரி: 'நான் எழுதுவதை அங்கே யாராவது வாசிக்கிறீர்களா?'

நாற்பத்தோராவது வாரத்தில் மறுபடியும் கல்யாணம், காற்று, சாவு. மேலும் இருநூற்று எழுபத்திரண்டு வாரங்கள், ஒரு பதிலும் வராமல், அந்தக் கை எழுதிக்கொண்டே இருந்தது.

ஆவுடையப்பன் வீட்டுக்குப் போக எழுந்தவர், மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்தார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் மூன்று மாற்றங்கள் நடந்தன. படிவத்திலும் அறிக்கையிலும் 'காரணம்' என்ற கட்டம் திரும்பி வந்தது. கணிப்பிக்கு, படகு இறங்காத நாளெல்லாம் முதலில் பெலோமினாவைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டும் என்ற விதி எழுதப்பட்டது. மூன்றாவது, ஆவுடையப்பனின் மேசை ஜன்னலைப் பார்த்துத் திரும்பியது.

வியாழக்கிழமை காலை பெலோமினா எண்ணிக்கை சொல்ல அழைத்தார். "சார், வர்ற ஞாயிறு, திங்கள் ரெண்டு நாளும் கீழமுனையில வள்ளம் எறங்காது. காரணம் எழுதிக்கிடுங்க. எம் மவனுக்குக் கல்யாணம். பொண்ணு பாலைத்துறை. அடக்கத்துக்குப் போன எடத்துல பேசி முடிச்சுட்டு வந்திருக்கான், மடையன். நர்ஸம்மாவே முடிச்சு வச்சதா நெனச்சுக்கிடுதோம். நீங்க வரணும்."

"கல்யாணம் எந்தக் கரையில?"

"அக்கரையில சார். வள்ளத்துல ஏறணும். பயந்தா கண்ணை மூடிக்கிடுங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம்."

அவர் எழுதினார்: 'காரணம்: டோக்கன் அலுவலர் பெலோமினாவின் மகனுக்குத் திருமணம். மணமகள் உங்கள் கரையைச் சேர்ந்தவர். இருபது வள்ளங்கள் வரிசையாக வரும்; வயர்லெஸ்ஸில் பாட்டுச் சத்தம் அதிகமாக இருக்கும். அவற்றுள் ஒன்றில் நானும் இருப்பேன். உங்களுடைய முந்நூற்றுப் பதின்மூன்று குறிப்புகளையும் வாசித்துவிட்டேன். தாமதத்திற்கு மன்னிக்க வேண்டுகிறேன்.'

பன்னிரண்டு மணிக்கு இரு அறிக்கைகளும் புறப்பட்டன. அவருடைய வரிகள் போய்ச் சேர்ந்த அதே நொடியில் றெஜினாவின் வரியும் வந்து விழுந்தது. கட்டம் இப்போது விரிந்தே இருந்தது.

'காரணம்: இந்த வாரம் எழுத ஒன்றும் இல்லை. எல்லாரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள்.'